கனகாம்பாளின் கோரை

1974ஆம் ஆண்டு ஐப்பசியில், விடாமல் பெய்த முதல் மழை ஓய்ந்த காலையில், புதுவாயலுக்கு அருகே இருந்த ஒரு தொழிற்சாலையின் மேனேஜர் பங்களாவில், தோட்டவேலை செய்த கனகாம்பாள் புல்தரையின் ஓரத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். சாவு ஒன்றும் விழவில்லை. ஒட்ட வெட்டியிருந்த அருகம்புல்லுக்கு மேலே, ஒரு விரல் உயரத்துக்கு, ஊசி ஊசியாகக் கோரை எழுந்திருந்தது. கிழக்கு வேலியில் தொடங்கித் தண்ணீர்க் குழாய் வரைக்கும் கோரை. முந்தின மாதம்தான் அவள் அந்தப் பக்கம் முழுவதையும் கிழங்கோடு தோண்டி எடுத்திருந்தாள்.

அழுகைச் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஆதிநாராயணன் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். எளாவூர்க்காரர். அரைப் பேச்சு தமிழ், அரைப் பேச்சு தெலுங்கு.

"இன்னாம்மா கனகாம்பா, ஊட்ல எதுனா ஆயிடுச்சா? துலுக்காணம் நல்லாத்தான கீறான்?"

"அந்தாளுக்கு இன்னா கேடு. இத்தப் பாரு நைனா. மறுபடி வந்துக்கீது."

அவர் குனிந்து பார்த்தார். "பச்சைப்பசேல்னு நல்லாத்தான கீது. ஒரு மாடு மட்டும் இதைப் பார்த்துச்சு, உன் கால்ல வுழுந்து கும்புடும்."

"சிரிப்பியே. எங்க ரூமு உனுக்குத்தான வரப்போவுது, நீ சிரிக்காம யாரு சிரிப்பா?"

ஆதிநாராயணனின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கேட்டுக்குத் திரும்பிப் போனார். அவள் சொன்னது உண்மைதான்.

பங்களாவுக்குப் பின்னால், கல்நார்க் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று இருந்தது. அதில் கனகாம்பாளும் அவள் புருஷன் துலுக்காணமும் இரண்டு வருஷமாகக் குடியிருந்தார்கள். புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு என்று கொடுத்த அறை அது. தைப் பொங்கல் கழிந்ததும் முதலாளி குடும்பத்தோடு வருகிறார், புல்தரையில் நாற்காலி போட்டு டீ கொடுக்க வேண்டும், அதற்குள் கோரை போகவில்லை என்றால் அறையை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு வேறு ஆள் பார்க்கப் போவதாக மேனேஜர் கிருஷ்ணஸ்வாமி சொல்லிவிட்டார். ஆதிநாராயணனும் மகனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அறையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வேறு ஒரு பெண்ணாக இருந்தால், அறை போனால் போகட்டும் என்று பிறந்த ஊருக்குப் போயிருப்பாள். கனகாம்பாளுக்கு ஊர் இல்லை.

அவளும் துலுக்காணமும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர்கள். அந்தக் குப்பத்தில் ஏரியைப் பாடு பாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன குடும்பம் வலை கட்டலாம் என்பதற்குப் பெயர் பாடு. தன் முறை முடிந்தவன் வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்தவனுக்கு வழி விட வேண்டும். சில இடங்களை யாருமே தொடாமல் ஆறவும் விடுவார்கள். ஆற விட்டால்தான் இறால் பெருகும். ஒரே இடத்தைத் தினமும் அரித்தால் ஏரி மலடாகிவிடும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். 1970இல், வலை வெறுமையாக வந்த ஒரு பருவத்தில், துலுக்காணம் ஆற விட்டிருந்த இடத்தில் போய்க் கண் சிறுத்த வலையைக் கட்டினான். மறுநாளும் கட்டினான். மூன்றாம் நாள் பிடிபட்டான். ஊர் கூடி அந்தக் குடும்பத்தை விலக்கி வைத்தது. கடையில் நெருப்புப்பெட்டி கொடுக்க மாட்டார்கள். அவள் கூடையிலிருந்து மீன் வாங்க மாட்டார்கள். பெற்ற தாய்கூட நடுத்தெருவில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியிருந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரும் கிளம்பி நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். துலுக்காணம் லாரிக்கு இரும்பு ஏற்றும் வேலையில் சேர்ந்தான். சேர்ந்த வருஷமே அவன் வலது பாதத்தில் ஒரு கட்டுக் கம்பி சரிந்து விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவனால் நிற்க முடியும், நடக்க முடியாது.

புல்தரை போட்டது 1972இல். மேனேஜர் கிருஷ்ணஸ்வாமி திருவள்ளூர்க்காரர். சென்னையில் ஏதோ ஒரு கிளப்பில் பார்த்துவிட்டு வந்து, தன் பங்களாவுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த இடம் சவுட்டு மண், புல் பிடிக்காது. காண்டிராக்டர் ஒரு ஏரியிலிருந்து வண்டலை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினான். கூடையில் அள்ளிக் கொட்டி நிரவிய சித்தாள்களில் கனகாம்பாளும் ஒருத்தி. அந்த வண்டலில் மிளகைவிடப் பெரியதாக, கறுப்பாக, மேலே மயிர் போல நார் ஒட்டிய கிழங்குகள் கிடந்ததை அவள் பார்த்தாள். ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே வெளுப்பாக இருந்தது, நல்ல வாசனை வந்தது. மோந்து பார்த்துவிட்டு மண்ணிலேயே போட்டு மிதித்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனாள். ஏரியில் பிறந்தவளுக்கு வயல் தெரியாது. கோரைக்கிழங்கு இன்னதென்று அன்றைக்கு அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அருகம்புல்லைத் துண்டு துண்டாக நட்டார்கள். அவள் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்ததைப் பார்த்த மேனேஜரின் மனைவி மரகதவல்லி, தோட்டத்துக்கு அவளையே வைத்துக்கொண்டாள். அறையும் கிடைத்தது. அந்த அறைக்குள் முதல் நாள் அடுப்பு மூட்டியபோது துலுக்காணம் சுவரைத் தட்டிப் பார்த்து, "செங்கல்லுடி" என்றான். அவன் அதற்கு முன் செங்கல் சுவருக்குள் தூங்கியதில்லை.

முதல் கோரை அடுத்த மழையில் வந்தது. அவள் பிடுங்கினாள். தாள் கையோடு வந்தது, கிழங்கு உள்ளேயே நின்றது. ஒன்று நின்ற இடத்தில் மூன்று வந்தது. களைக்கொத்தி வாங்கித் தோண்டினாள். தோண்டத் தோண்ட ஒரு கிழங்கிலிருந்து நூல் ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி போலப் போய்க்கொண்டே இருந்தது. சங்கிலி எங்கே அறுந்ததோ அங்கே மறுபடி முளைத்தது. பிறகு, ஏரிக்கரை ஆளுக்குத் தோன்றுகிற யோசனை ஒன்று அவளுக்குத் தோன்றியது. உப்பு. உப்புப் படிந்த கரையில் எதுவும் முளைப்பதில்லை என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். குழாய் ஓரத்தில் ஒரு கூடை உப்பைக் கரைத்து ஊற்றினாள். அருகம்புல் மஞ்சளாகி, வைக்கோலாகி, வட்டமாகச் செத்தது. அந்தச் சொட்டைக்குள் அடுத்த மழைக்கு முதலில் தலை நீட்டியது கோரை.

"இது என்னடி கனகா, புல்தரைக்கு நடுவுல தேமல் மாதிரி?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"உப்பு போட்டம்மா."

"உப்பா! ஊறுகாயா போடறே?" மரகதவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இவர் பார்த்தா என்னைன்னா பிடிச்சுப்பார்."

அதற்கு அப்புறம்தான் கனகாம்பாள் புல்தரையைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டாள். ஒரு பாத்தியில் உட்கார்ந்தால் அதைச் சுத்தமாக முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். முடித்தால் அதைத் தொடாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். எல்லாவற்றையும் சுற்றி முதல் பாத்திக்குத் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வந்து பார்த்தால் அங்கே விட்டதைவிட அதிகமாக இருக்கும். தன் கைதான் போதவில்லை என்று நினைத்தாள். விடிவதற்கு முன்பே உட்கார்ந்தாள், நாஷ்டாவை விட்டாள். விரல் நுனிகள் வெடித்து, கஞ்சியில் கை வைத்தால் எரிந்தது. ஐப்பசியில் அவள் நின்று அழுததும் அப்படி ஒரு சுற்றை முடித்துத் திரும்பிய காலையில்தான்.

அன்று மத்தியானம் அவள் கஞ்சி ஊற்றிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். துலுக்காணம் சுவரில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துன்னேன்டி."

"வாணாம். தைக்கு இன்னும் எத்தினி நாளு கீது? எங்கய்யா போவோம் நாம? ரோட்டுல லாரிக்கு அடில படுப்பமா?"

"அத்த அப்பால பார்க்கலாம். நீ அந்தக் கயிறு இன்னாத்துக்குக் கட்டி வச்சிக்கீற?"

"ஒண்ணொண்ணா முடிக்கத்தான். முடிச்சத வுட்டுட்டு அடுத்ததுக்குப் போறேன். மண்ணு ஆறணும்ல?"

துலுக்காணம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் முகம் கோணியது. அழப்போகிறானோ என்று அவள் பயந்தாள். அவன் சிரித்தான்.

"இன்னாத்துக்கு ஆறணும்?"

"ஆற வுடாம... தெனமுமா அதே எடத்தைக் கிளறுவாங்க?"

"அடி என் பொண்டாட்டி! பாடு வுட்டுக்கினுகீறடி நீ! ஏரிய ஆற வுட்டா இறா பெருகும், ஆற வுடாதவன் ஊருக்கு ஆவாதவன்னு சொல்லித்தான என்னைத் தொரத்துனானுங்க? கோரைக்கு மட்டும் வேற நாயமா? நீ மேல ஆற வுடற, அது கீழ குஞ்சு பொரிச்சிக்கினுகீது."

ஊரை விட்டு வந்த நாலு வருஷத்தில் அந்தப் பேச்சை அவன் எடுத்தது அன்றுதான்.

"நா பண்ணதைப் பண்ணு," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "தெனம் போ. அதே எடத்துக்குப் போ. சின்னது பெருசு பார்க்காத. எதையும் ஆற வுடாத. அப்டிப் பண்ணாதான் ஒண்ணு அழியும். அந்த ஏரி அழிஞ்சிடும்னு சொன்னாங்கல்ல? சரியாத்தான் சொன்னாங்க."

கனகாம்பாளுக்கு உடம்பு கூசியது. குப்பத்தில் பெண்கள் அப்படி அரித்துப் பிடிப்பவனை 'வயிறெரியப் புடிக்கிறவன்' என்பார்கள். இரண்டு வருஷம் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது சோம்பல் இல்லை. சிறு வயதில் ஊட்டிய சட்டம்தான். மீனுக்குச் சொன்னதை அவள் அறியாமலே களைக்கும் கடைப்பிடித்திருந்தாள். எழுந்து போய்க் கயிற்றை எல்லாம் அவிழ்த்துச் சுருட்டினாள்.

மறுநாளிலிருந்து தோண்டுவதை விட்டாள். மேலே தழை நிற்க விடாவிட்டால் கீழே கிழங்குக்குப் பிழைப்பு இல்லை என்று கணக்குப் போட்டாள். ஒரு பழைய அரிவாள்மணைத் தகட்டைத் தீட்டிக்கொண்டு, தலை நீட்டிய கோரையை மண்ணுக்குக் கொஞ்சம் கீழே வெட்டினாள். அவ்வளவுதான். ஆனால் புல்தரை முழுவதும், ஒவ்வொரு நாளும். மழையில் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். இன்று வெட்டியது நாளைக் காலை மறுபடி ஊசியாக நிற்கும். மறுபடி வெட்டினாள். ஒரு வாரம், இரண்டு வாரம், குறைகிற மாதிரியே தெரியவில்லை. கார்த்திகை பிறந்தபோது தான் ஒரு பைத்தியக்காரியின் வேலையைச் செய்வதாக அவளுக்கே தோன்றியது. கீழே இருக்கும் கிழங்கு எத்தனை என்று யாருக்குத் தெரியும்? தன் உயிர் முதலில் தீருமா, அதன் உயிர் முதலில் தீருமா?

மரகதவல்லி ஒருநாள் குடையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏண்டி, நேக்கு ஒண்ணு தோணறது. புல்லை இப்படி மொட்டை அடிச்சா வெயில் அடி வரைக்கும் போறது. திருவள்ளூர்ல எங்காத்துப் புழக்கடையில நிழல் விழற எடத்துல கோரை வரவே வராது. புல்லைக் கொஞ்சம் வளர விடுவோமே?"

"ஐயா திட்டுவாரும்மா."

"திட்டட்டும். அந்தக் குழாய் வேற ஒழுகிண்டே இருக்கு. அதை முதல்ல அடைக்கச் சொல்றேன். ஈரம்தானே அதுக்குத் தீனி?"

கிருஷ்ணஸ்வாமி திட்டத்தான் திட்டினார். புல்தரை ஜமக்காளம் மாதிரி இருக்க வேண்டும், சிம்மாசனத்து மெத்தை மாதிரி இல்லை என்றார். ஆனாலும் புல் வெட்டும் மெஷின் அந்த மாதம் வெளியே வரவில்லை. அருகம்புல் அடர்ந்து படர்ந்தது.

மார்கழியில் கனகாம்பாளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்தாள், வாசற்படியில் விழுந்தாள். பாயில் கிடந்தபடி, "இன்னிக்கி யாரும் வெட்டலியே, இன்னிக்கி யாரும் வெட்டலியே" என்று பிதற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து பார்த்தபோது துலுக்காணம் அறையில் இல்லை. வெளியே ஆதிநாராயணனின் குரல் கேட்டது.

"இன்னாடா துலுக்காணம், படகு இல்லாம எறங்கிட்ட?"

"இன்னிக்கிப் பாடு என்னுது. நீ போயி கேட்டுல நில்லு நைனா."

அவன் புல்லில் உட்கார்ந்து, கோணல் காலை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தான். மேனேஜர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று அவள் தவித்தாள். எழுந்து போய்த் தடுக்க உடம்பில் வலு இல்லை. சாயங்காலம் அவன் வந்தபோது வேட்டியின் பின்புறம் முழுவதும் பச்சைக் கறை. ஒரு பிடி கோரைத் தாளை அவள் பாய்க்குப் பக்கத்தில் போட்டான். "எளைச்சிக்கினு வருதுடி," என்றான். "முன்ன மாதிரி மொத்தமா இல்ல, பாரு. நூலாட்டம் கீது."

அவள் ஒரு தாளை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். உண்மையிலேயே நூல் மாதிரிதான் இருந்தது. அதற்கு மேல் நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

1975ஆம் ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், முதலாளி வந்தார். அன்று விடியற்காலையில் கனகாம்பாள் கடைசி ஊசி வரைக்கும் வெட்டிவிட்டாள். கைக்குட்டை அகலத்துக்கு அங்கங்கே மண் தெரிந்தது. மற்றபடி கோரை கண்ணில் படவில்லை. பிரம்பு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்த ஆதிநாராயணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அன்று அவர் கேலி பேசவில்லை.

"ஒண்ணு சொல்றேன், வச்சிக்கோ. ஐயா நேத்து ஃபோன்ல பேசிக்கினு இருந்தாரு. கோரை போயிடுச்சுன்னா தெனத்துக்கும் ஆளு எதுக்கு, வாரத்துக்கு ஒருநாள் வெளிலேர்ந்து யார்னா வந்தா போதும்னாரு. ரூமு எப்டியும் காலியாவும்போல கீது."

"போவலன்னா?"

"போவலன்னா முன்ன சொன்னதுதான்."

அவள் சமையற்கட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். போனாலும் போச்சு, போகாவிட்டாலும் போச்சு. மூன்று மாதம் கிழிந்த விரல்களைப் பார்த்தாள். கண்ணீர்கூட வரவில்லை. புல்தரையிலிருந்து பேச்சும் சிரிப்பும் பீங்கான் சத்தமும் வந்தன. முதலாளியின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்து நடந்ததாகச் சமையல்காரர் உள்ளே வந்து சொன்னார்.

கார்கள் போன பிறகு மரகதவல்லி கூப்பிட்டனுப்பினாள். புல்தரையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் ரொம்ப நன்னா இருக்குன்னா. கனகா, நிஜத்தைச் சொல்லு. கோரை போயிடுத்தா?"

போய்விட்டது என்று சொன்னால் வாரத்துக்கு ஒருநாள் ஆள். போகவில்லை என்று சொன்னால் மேனேஜர் முன்பு சொன்னபடி அறை வாட்ச்மேனுக்கு. இரண்டில் எது தங்களைச் செங்கல் சுவருக்குள் வைக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் வைக்காது. அதனால் உள்ளதைச் சொன்னாள்.

"போவலம்மா. கீழ கீது. காலைல வெட்னதால இப்ப தெரியல. நா ஒரு நாளு நின்னா அது எழுந்துக்கும்."

மரகதவல்லி மண் தெரிந்த இடங்களைப் பார்த்தாள். பிறகு கனகாம்பாளின் கையைப் பார்த்தாள்.

"அப்போ நீ நிக்காதே," என்றாள். "இவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அறை தங்கியது. நிற்காமல் வெட்டுவது என்ற நிபந்தனையோடு தங்கியது. அந்த வருஷம் சித்திரையில், கனகாம்பாளின் தாய் இறந்துவிட்டதாகப் பழவேற்காட்டிலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்து சொன்னார். விலக்கி வைக்கப்பட்டவர்கள் பிணத்தைத் தொட முடியாது, தூரத்தில் நின்று பார்க்கலாம். சாவுக்குப் போய்வர இரண்டு நாள் ஆகும். கோடை மழை பெய்து கோரை முளைக்கும் நேரம். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் செய்தியைக் கேட்டாள். வியாபாரி போனதும் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். அன்று முழுவதும் தாயின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே, புல்தரையை ஒரு மூலை விடாமல் முடித்தாள். துலுக்காணம் அறை வாசலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

1976ஆம் ஆண்டு மழைக்குக் கோரை மிகவும் குறைந்துவிட்டது. அருகம்புல் மெத்தை போலக் கிடந்தது. கிருஷ்ணஸ்வாமி வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் காலை, கனகாம்பாள் கிழக்கு வேலியில் தொடங்கி முழுவதையும் தேடி முடித்தபோது தகட்டில் மண்கூட ஒட்டியிருக்கவில்லை. ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கோரையைப் பார்த்து அழுதபோது இருந்ததைவிட மோசமான பயம் அவளுக்கு வந்தது. மறுபடி முதலிலிருந்து தேடினாள்.

குழாய்க்குப் பின்னால், சுவரோரமாக, ஒன்றே ஒன்று நின்றது. இரண்டு இலை, நூலாக. அவள் தகட்டை அதன் கழுத்தில் வைத்தாள். பங்களாவின் சன்னல்கள் சாத்தியிருந்தன. கேட்டில் ஆதிநாராயணன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

தகட்டை எடுத்துக்கொண்டாள். சுற்றியிருந்த அருகம்புல்லை விரலால் ஒதுக்கி, அந்தத் தாளின் மேல் கொஞ்சம் வெயில் விழும்படி செய்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்து, ஒன்றும் இல்லாத புல்லில் வெட்டிக்கொண்டே போனாள்.